கண்ணிழந்த பூனையும் காரணம் அறிதலும்

(அறக்கட்டளையின் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தமிழ் பயிற்றிய ஆசிரியருக்குப் பூனையின் கண்ணோடு என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். உயிர்களை அறிவின் அளவால் பகுக்கும் முறையைத் தொல்காப்பிய மரபியலிலும் காண்கிறோம். சமண நூல்களிலும் காண்கிறோம். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என்னும் அவ்வரிசையில் நான்காவதாக நிற்பது கண். ஐந்தும் பெற்ற ஓர் உயிர் அவற்றுள் ஒன்றை இழந்து நம் வாயிலில் வந்து நிற்குமானால், நாம் ஆற்ற வேண்டுவது யாது? இதுவே இன்றைய உரையின் பொருள்.

சென்ற ஆண்டு என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருத்தி, தெருவில் கிடந்த பூனை ஒன்றை எடுத்து வளர்த்தாள். இரண்டு திங்கள் கழித்து, அது சுவரை ஒட்டியே நடப்பதையும், இடம் மாற்றிய முக்காலியில் மோதிக்கொள்வதையும் கண்டாள். "இது பிறவிக் குருடா ஐயா, பிறகு வந்ததா?" என்று வினவினாள். அருகிருந்த முதியவர் ஒருவர், "அதன் வினை" என்று கூறி முடித்துவிட்டார். வினையை மறுக்க நான் வரவில்லை. ஆயினும், காய்ச்சல் கண்ட குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து நாம் வினையைப் பேசிக்கொண்டிருப்பதில்லை; மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பூனைக்கும் அந்நெறியே பொருந்தும். காரணம் அறிந்தால் சில பூனைகளின் பார்வையை மீட்கலாம். பல பூனைகளின் எஞ்சிய பார்வையைக் காக்கலாம்.

முதலில், பார்வை குன்றியதை அறிவது எங்ஙனம்? பூனை தன் மீசை மயிராலும் செவியாலும் மோப்பத்தாலும் வீட்டை அளந்துகொள்வதால், கண் இழந்ததையே நெடுநாள் மறைத்துவிடும். பஞ்சு உருண்டை ஒன்றை அதன் முன்னே ஓசையின்றி விழச் செய்யுங்கள். பார்வையுள்ள பூனை பெரும்பாலும் அதைக் கண்ணால் தொடரும். வெயிலில் பூனையின் பாவை கோடு போலச் சுருங்க வேண்டும். ஒளியிலும் அது விரிந்து கரிய வட்டமாகவே நின்றால் ஐயம் கொள்க.

எடுத்து வளர்க்கும் பூனையின் பழைய வரலாறு நமக்குத் தெரியாது. ஆகவே அதன் வயதையும், பார்வை குன்றிய வேகத்தையும் கொண்டு காரணத்தைத் தேட வேண்டும்.

குட்டிகளிடத்தில் பெரும்பகை தொற்றுநோய். பிறந்து ஏறத்தாழ 7 முதல் 14 நாள்களில் குட்டி கண் திறக்கும். மூடிய இமைக்குள் சீழ் கட்டினால், திறப்பதற்கு முன்பே கண் கெட்டுவிடக்கூடும். பூனைகளைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரசு சளியாகத் தொடங்கிக் கருவிழியில் புண்ணை உண்டாக்கும். இமையின் உட்புறம் கருவிழியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. தெருப் பூனைகளிடம் நாம் காணும் வெண்மை படர்ந்த கண்களுட் பல இத்தகைய புண்ணின் வடுக்களே. இங்கே ஓர் எச்சரிக்கை. தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு போன்ற வீட்டு வைத்தியங்களைப் புண்பட்ட கண்ணில் இடாதீர்கள். அலமாரியில் மிஞ்சிய கண் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கருவிழிப் புண் ஆழமாகும். காய்ச்சி ஆறவைத்த நீரால் பீளையைத் துடைத்து, அன்றே மருத்துவரிடம் காட்டுவதே நன்று.

வளர்ந்த பூனைகளிடத்தில் காரணங்கள் பல. சண்டையில் பட்ட நகக் கீறலும் வாகன விபத்தும் கண்டவுடன் விளங்குவன. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியும், பூனைகளுக்கே உரிய சில வைரசுகளும் கண்ணின் உட்புறத்தில் அழற்சியை உண்டாக்கும். அவ்வழற்சி நீடித்தால் கண்புரையோ கண்ணீரழுத்த நோயோ தொடரலாம். என்ரோபுளோக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அளவு மீறினால் பூனையின் விழித்திரையைச் சிதைக்கும். ஆகவே நாய்க்கு எழுதிக் கொடுத்த மருந்தைப் பூனைக்குப் பங்கிட்டுக் கொடுத்தல் தகாது. அபிசீனியன் போன்ற சில இனங்களில் விழித்திரை நலிவு மரபுவழியே வருவதும் உண்டு.

முதிய பூனை ஒன்று ஓரிரவில் பார்வை இழந்தால், முதலில் ஐயுற வேண்டுவது உயர் இரத்த அழுத்தம். சிறுநீரக நலிவும் தைராய்டு மிகையும் அதனைத் தூண்டும். அழுத்தம் மிகும்போது விழித்திரை தன் இடத்தை விட்டுக் கழன்றுவிடுகிறது. மேல் அளவு 160-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் கவலை கொள்வர். 180-ஐத் தாண்டினால் உறுப்புகளுக்குப் பேரிடர். மனிதர் உட்கொள்ளும் அம்லோடிபின் மருந்தே பூனைக்கும் பயன்படுகிறது. அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். விரைந்து மருத்துவம் செய்தால் விழித்திரை மீண்டும் ஒட்டி, ஓரளவு பார்வை திரும்புவதுண்டு. நாள் கடத்தினால் அவ்வாய்ப்பு அகன்றுவிடும்.

இனி, நம் இல்லங்கள் தனித்துக் கருத வேண்டிய காரணத்திற்கு வருகிறேன். அது உணவு.

டாரின் என்பது ஓர் அமினோ அமிலம். 1827-இல் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தறியப்பட்டதால் எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயர் பெற்றது. மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலோ தேவையான அளவு ஆக்க இயலாதது. பித்தநீரின் வழியே நாள்தோறும் இழந்துகொண்டும் இருப்பது. ஆகவே உணவிலிருந்தே பெற வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் டாரின் உண்டு. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. பசும்பாலில் மிகச் சிறிதே. 1975-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாற்புரதமாகிய கேசினை மட்டுமே புரதமாகக் கொண்டு வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைந்ததைக் காட்டியது. 1987-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இக்குறையால் இதயத் தசையும் தளர்வதை மெய்ப்பித்தது.

பெரியோர்களே! பாற்சோறும் தயிர்ச்சோறும் அன்போடு பிசைந்து வைக்கிறோம். பூனையும் விரும்பி உண்கிறது. திங்கள்கள் கழிகின்றன, வலி இல்லை, சிவப்பு இல்லை, பீளை இல்லை. உள்ளே விழித்திரை சிறிது சிறிதாக நலிகிறது. நாம் அறியும்போது காலம் கடந்திருக்கும். குறையைக் கண்டு டாரினை ஊட்டினால் நலிவு மேற்செல்லாது நிற்கும். இறந்த பகுதி மீளாது. முருங்கைக்கீரை கொடுத்தால் ஆகாதோ எனில், ஆகாது. கீரையிலுள்ள கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலுக்கு அவ்வாற்றல் இல்லை.

அவ்வாறாயின், புலால் புகாத இல்லம் பூனை வளர்க்கலாமா? இவ்வினாவிற்கு ஒளிவுமறைவின்றி விடை காண வேண்டும். டாரின் இன்று உயிரினத்திலிருந்து எடுக்கப்படாமல் தொழிற்சாலையில் வேதிமுறையால் ஆக்கப்படுகிறது. இது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. செயற்கை டாரினும் வைட்டமின்களும் சேர்த்த தாவர வகைப் பூனை உணவுகள் சில நாடுகளில் விற்பனையில் உள்ளன. எனினும் டாரின் ஒன்றைத் தூவிவிட்டால் தயிர்ச்சோறு பூனை உணவாகிவிடாது. வேறு சத்துகளும் வேண்டும். கால்நடை மருத்துவரின் அறிவுரையும் காலந்தோறும் இரத்தப் பரிசோதனையும் இன்றி அவ்வழியில் இறங்குதல் கூடாது. நாய் உணவும் பூனைக்குப் போதாது. கடையில் விற்கும் முழுமையான பூனை உணவை வைக்க உங்கள் மனம் ஒப்பவில்லையெனில், அதில் குற்றமில்லை. அப்பூனையை, உணவளிக்க இயன்ற நல்ல இல்லத்தில் சேர்த்து, அதன் மருத்துவச் செலவை நீங்கள் ஏற்கலாம். நம் நோன்பு நம்முடையது. அதன் விலையை வாய்பேசா உயிர் ஒன்று தன் கண்ணால் செலுத்துமாறு விடுவது கொல்லாமை ஆகாது. துன்புறுத்தாமையும் அவ்வறத்தின் பகுதியே அன்றோ?

என் மாணவியின் பூனையை மருத்துவர் ஆய்ந்தார். ஒரு கண்ணில் பழைய புண்ணின் வடு. மற்றொன்றில் விழித்திரை நலிவு. அவளிடம் வருமுன் அது உண்டது எதுவென எவரும் அறியார். இன்று உணவு மாறியிருக்கிறது. எஞ்சிய மங்கிய பார்வை குன்றாமல் நிற்கிறது.

பார்வை திரும்பாத பூனையும் இனிது வாழும். அதன் உணவுத் தட்டு, நீர்க் கிண்ணம், மணல் தட்டு ஆகியவற்றை இடம் மாற்றாதீர்கள். தொடுமுன் குரல் கொடுங்கள். மீசை மயிரை வெட்டாதீர்கள். கிணறு, மாடி விளிம்பு, தெரு ஆகியவற்றிலிருந்து காத்திடுங்கள். 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையும், நாமக்கல்லில் உள்ள கல்லூரி மருத்துவமனையும் நாடத்தக்கன. ஊர்ப்புறத்தார் முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

காட்சி, ஞானம், ஒழுக்கம் என்னும் மும்மணிகளை நாம் அறிவோம். ஞானத்திற்குப் பின்னரே ஒழுக்கம் வைக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். இரக்கம் நம்மிடம் குறைவின்றி இருக்கிறது. அவ்விரக்கத்தோடு அறிவையும் சேர்ப்போம். இந்த விழா முடிந்து இல்லம் திரும்பியதும், உங்கள் பூனையின் தட்டையும் கண்ணையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.