அருளும் அன்றாட வாழ்வும்



அருள் என்றவுடன் நம் நினைவு பீடத்தையும் மெழுகுவர்த்தியையும் நோக்கிச் செல்கிறது. சேதுச் சீமையில் வாழும் நமக்கோ அஃது ஒரு மனிதரின் பெயரிலும் அமைந்த சொல். 1647-இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, 1673-இல் இந்தியா வந்து, அருளானந்தர் எனப் பெயர் பூண்டார். புலால் நீக்கிப் பண்டாரசாமியாக நடந்தார். பிராமணத் துறவியின் கோலத்தில் இருந்த குருக்கள் நம்மவரை நெருங்குதல் அரிது. பண்டாரசாமிக்கு அத்தடை குறைவு. அதற்காகவே அக்கோலம் ஏற்பட்டது.

தடியத்தேவர் வரலாற்றை அறிவீர்கள். நோய் நீங்கித் திருமுழுக்கு வேண்டிய அவரிடம், ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். அருள் விலையின்றி வருவதுதான். வந்தபின் வீட்டு நடப்பை அப்படியே விட்டுவைப்பதில்லை. விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவினள். அவள் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. (அப்பெண்ணைக் கொடியவளாகவே மேடைகளில் காட்டுகிறோம். வாழ்ந்த வீட்டை இழந்தவளின் துயரையும் எண்ணிப் பார்ப்பதே நியாயம்.) 1947-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஓரியூர்ச் செம்மணலை மதவேறுபாடின்றி மக்கள் பொட்டலம் கட்டி எடுத்துச் செல்கின்றனர். நல்லதே. ஆயினும் கல்லறைத் தோட்டத்தில் நமக்கென்று தனி மூலை ஒதுக்கும் ஊர்கள் தமிழகத்தில் இன்றும் உள. ஒரே நற்கருணை உண்டவர்களுக்கு இரு வேறு மண்ணா? தகுதி பாராமல் தரப்படுவதையே அருள் என்கிறோம். அதைப் பெற்றதாகச் சொல்பவர் அடுத்தவரின் பிறப்பை அளக்கப் புகுந்தால், அவர் பெற்றது வேறெதுவோ.

பள்ளியில் சாதிச் சான்றிதழ்களைப் பார்க்குந்தோறும் நாம் காண்பது இது: ஒரே தெருவில், ஒரே குலத்தில் பிறந்த இரு பிள்ளைகளுள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன் பட்டியல் இனத்தவன், மாதா கோயிலுக்குப் போகிறவன் பிற்படுத்தப்பட்டவன். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவு இது. அவ்வாணை 1956-இல் சீக்கியருக்காகவும், 1990-இல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் அவ்வுரிமை வேண்டுமென 2023-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இக்கோரிக்கையை நாம் கைவிடலாகாது. இதற்கிடையே, திருமுழுக்குப் பெயரை மறைத்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரைக் கோழைகள் என்று பழிப்போர் உளர். நாம் பழிக்க மாட்டோம். கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வீட்டின் கணக்கு வேறு.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று. உதவித்தொகை பெற்றுப் படித்து, வேலையும் கிடைத்தபின், எல்லாம் தன் உழைப்பால் வந்தது என்று பேசுவோரை நாம் அறிவோம். உழைப்பு உண்மையே. அந்த முதல் ஆண்டுக் கட்டணத்தை யாரோ ஒருவர், உங்கள் முகத்தைக்கூடப் பாராமல், செலுத்தினார் என்பதும் உண்மை. அவருக்குத் திருப்பித் தர இயலாது. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. நம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் தர இயலும். கணக்கிற்கும் ஆங்கிலத்திற்கும் ஆள் இல்லை. இசைவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.