மண்ணுக்கும் வில்லங்கம் பார்ப்போம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நமது கழகம் தனது 25-ஆம் ஆண்டில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் கட்டத் தீர்மானித்துள்ளது. பாலாற்றங்கரையில், முன்பு மணிலாவும் நெல்லும் விளைந்து இப்போது தரிசாகக் கிடக்கும் நிலம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலை குறைவு என்று பலரும் மகிழ்கின்றனர். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும், விளைந்த நிலம் ஏன் தரிசாயிற்று என்று கேட்க வேண்டியவனாக இருக்கிறேன். ஊரின் நல்ல நிலம் நம் கைக்கு வந்த வரலாறு மிகக் குறைவு. சுடுகாட்டை ஒட்டிய மேடும், கழிவுநீர் இறங்கும் பள்ளமுமே சேரிக்கு ஒதுக்கப்பட்டன. ஆகவே மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர்களைவிட நாம் சற்றுக் கூடுதலாக விழித்துக்கொள்வதில் தவறில்லை.

நிலம் வாங்குவோர் பட்டா பார்ப்பர். பதிவு அலுவலகத்தில் 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்ப்பர். மண்ணுக்குள் இருக்கும் வில்லங்கம் அந்தச் சான்றில் வருவதில்லை.

நம் பகுதியின் நிலை நீதிமன்றத்திலேயே பதிவாகியுள்ளது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. அக்கழிவில் உப்பும் உண்டு, குரோமியமும் உண்டு. உப்பு, கட்டடத்தின் கம்பியை அரிக்கும். ஆதலால் அந்நிலத்துக் கிணற்று நீரைக் கொண்டு கான்கிரீட் கலக்கும் முன் அதையும் சோதிக்க வேண்டும். குரோமியமோ மக்கி மறையும் பொருளன்று.

ஆலைக் கழிவே படாத நிலத்திலும் பூச்சி மருந்து இருக்கக்கூடும். மானாவாரி மணிலாவில் கம்பளிப்பூச்சி விழுந்த காலங்களில் பி.எச்.சி. தூளும் டி.டி.டி. தூளும் தூவப்பட்டதைப் பெரியவர்கள் அறிவர். வேளாண்மையில் டி.டி.டி. 1989-இல் தடை செய்யப்பட்டது, பி.எச்.சி. 1997-இல், எண்டோசல்ஃபானை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தடை வந்ததனால் மண்ணில் விழுந்தது எழுந்து போய்விடவில்லை. டி.டி.டி. சிதைந்து உண்டாகும் பொருளும் பல்லாண்டுகள் மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகள் அந்த மேல்மண்ணில்தான் விளையாடுவர். மண் பட்ட கையை வாயில் வைப்பர். அவர்களது உடல் எடையோ சிறிது. பெரியவர் தாங்கும் அளவைக் குழந்தை தாங்காது.

இங்கே ஓர் ஏமாற்றத்தைக் குறித்துச் சொல்லியாக வேண்டும். “மண் பரிசோதனை செய்தாயிற்று, சான்று இருக்கிறது” என்பார்கள். வேளாண்மைத் துறையின் வழக்கமான மண் பரிசோதனை உரச்சத்தையும் உவர், களர் நிலையையும் காட்டும், நஞ்சைக் காட்டாது. பூச்சிமருந்து எச்சத்தையும் கன உலோகங்களையும் அளக்கும் ஆய்வுக்கூடத்தைத் தனியே நாட வேண்டும். குரோமியத்தின் மொத்த அளவோடு, மிகுந்த நச்சுடைய ஆறு இணைதிறக் குரோமியத்தின் அளவையும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

சோதனைக்கு முன்னர்ச் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய அடங்கலைப் பார்த்தால் எந்தப் பசலியில் என்ன பயிர் என்பது தெரியும். பயிர் தெரிந்தால் மருந்தை ஊகிக்கலாம். மருந்தை எங்கே கலக்கினார்கள், தெளிப்பானை எந்த வாய்க்காலில் கழுவினார்கள், மிச்சத்தை எந்த மூலையில் கொட்டினார்கள் என்பதை எந்த ஏடும் சொல்லாது. அங்கே கூலிக்குத் தெளித்தவர்களும் களையெடுத்தவர்களும் சொல்வார்கள். அவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் அறியாததையும் அவர்கள் அறிவர்.

அவர்கள் காட்டும் இடங்களின் மண்ணைத் தனித்தனியே எடுக்க வேண்டும். உரத்துக்கு மண் எடுப்பதுபோல் வயல் முழுவதும் எடுத்து ஒன்றாகக் கலந்துவிட்டால், பம்புசெட்டுக் கொட்டகையருகே தேங்கிய நஞ்சு மற்ற மண்ணில் கரைந்து மறைந்துவிடும். மேலே அரை அடியிலும், கீழே இரண்டு அடிக்கு மேற்பட்ட ஆழத்திலும் எடுப்பது நன்று. மருந்து எச்சத்துக்கான மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் இடுக. பிளாஸ்டிக் பை கூடாது.

இது வீண் அச்சம் என எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அரசு நிதியில் அமையும் புதிய பள்ளி மனைகளை, நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறையின் மேற்பார்வையில் ஆராய வேண்டும் என்ற சட்டம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. விளைநிலமாயிருந்த மனைகளுக்கென்றே அத்துறை தனி வழிகாட்டியும் வெளியிட்டது. நம் பிள்ளைகளுக்காக நாம் சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

நஞ்சு இருப்பதாகத் தெரிந்தால் நிலத்தைக் கைவிட்டே தீர வேண்டும் என்பதில்லை. ஒரு மூலையில் மட்டும் இருப்பின் அம்மண்ணை முறைப்படி அகற்றலாம். எங்கும் பரவியிருப்பின் வேறு நிலம் தேடுவதே மேல். எதுவாயினும் முன்பணம் கொடுக்கும் முன்னரே தெரிய வேண்டும்.

அந்நிலத்தில் வேலை செய்த பெரியவர்களின் பெயர்களை இளைஞர்கள் இன்று மாலைக்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுக்குமாறு வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களை அழைத்துக்கொண்டு வயலைச் சுற்றி வருவோம்.