வானத்துக்குச் சொந்தக்காரன் யார்?

(தொழிலாளர், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)

ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைச் சந்திரன் விழாமல் எப்படி நிற்கிறது என்று கேட்கிறீர்கள். அது நிற்கவில்லை, ஓடுகிறது! களத்தில் பிணையல் ஓட்டும்போது உள்மாடு சிறு வட்டம் சுற்றும், வெளிமாடு பெரிய வட்டம் ஓடும். ஆனாலும் வரிசை பிசகாது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் சந்திரன் அந்த வெளிமாடு. பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்கிறது. அதனால்தான் நமக்கு அசையாததுபோல் இருக்கிறது.

வியாபாரத்துக்கென்று இந்தப் பாதையில் முதலில் சென்றது 'ஏர்லி பேர்ட்'. 1965 ஏப்ரல் 6-ல் அமெரிக்காவிலிருந்து ஏவினார்கள். எடை ஒரு நெல் மூட்டைகூட இல்லை, 40 கிலோவுக்கும் குறைவு. 240 டெலிபோன் பேச்சுக்களை, அல்லது ஒரு டெலிவிஷன் காட்சியை, அட்லாண்டிக் சமுத்திரத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் கொண்டுபோயிற்று. அதைச் செய்த கைகளை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கைகளுக்கா அது சொந்தம்? ராக்கெட் வித்தையை வளர்த்தது அமெரிக்க மக்களின் வரிப்பணம். 1962-ல் வந்த சட்டமோ 'காம்சாட்' என்ற தனியார் கம்பெனியை உண்டாக்கிற்று. பாதிப் பங்கு டெலிபோன், தந்திக் கம்பெனிகளுக்கு. அவற்றில் பெரிய முதலை ஏ.டி. அண்டு டி. மறுபாதி, கையில் காசுள்ளவனுக்கு. மக்கள் சொத்தைத் தூக்கிக் கொடுப்பதா என்று கெஃபாவர், மோர்ஸ் போன்ற செனட்டர்கள் நாட்கணக்கில் பேசி மறித்தார்கள். அவர்கள் ஒன்றும் கம்யூனிஸ்டுகள் அல்ல, தோழர்களே! 1927-க்குப் பிறகு முதல் தடவையாக ஓட்டெடுத்து விவாதத்தின் வாயை அடைத்தது செனட்.

பல நாடுகள் கூடி 1964-ல் 'இன்டெல்சாட்' அமைத்தன. ஏர்லி பேர்ட் அதன் முதல் சந்திரன். அங்கும் தொடக்கத்தில் காம்சாட்டுக்கு 61 சதவிகிதம்! பிற்பாடு நாடுகளின் பொதுச் சொத்தாய் வளர்ந்த அதையும் 2001-ல் தனியாருக்கு மாற்றினார்கள். 2005-ல் முதலீட்டுக் கம்பெனிகள் வாங்கின. கடன் ஏறிற்று. 2020-ல் ஏறத்தாழ 1,500 கோடி டாலர் கடனோடு திவால் கோர்ட்டுப் படி ஏறியது. 2025-ல் லக்ஸம்பர்க் நாட்டு எஸ்.இ.எஸ். கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

இந்தப் பாதை ஒரே வளையம், இடம் கொஞ்சம். முதலில் வந்தவன் வேலி போட்டான். கொலம்பியா, ஈக்வடார், கென்யா முதலான பூமத்திய ரேகை நாடுகள் 1976-ல் பொகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்குமேல் உள்ள பாதை எங்களுக்கே என்றன. பெரிய நாடுகள் ஒப்பவில்லை.

ஏர்லி பேர்ட் வேலையை நிறுத்தி வெகுகாலமாயிற்று. இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.