கொல்லைப்புற வழியாக வந்த மந்திரிசபை

(கள்ளக்குறிச்சியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



கல்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் தோழர் ஒருவர் காலையில் ஒரு கேள்வி கேட்டார். "ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்தது. அப்புறம் யார் மந்திரியானால் நமக்கென்ன?" என்றார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் 1952ஆம் வருஷத்துச் சரித்திரத்தில் இருக்கிறது.

அந்த வருஷம்தான் வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டுரிமை என்ற அடிப்படையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. பண்ணையாளும் மில் தொழிலாளியும் ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை ராஜ்யத்தின் சட்டசபையில் 375 ஸ்தானங்கள். மெஜாரிட்டிக்கு 188 பேர் வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 62. தோழர் பி.ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்றார்.

எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஐக்கிய முன்னணி அமைத்தன. 166 பேர் தங்கள் பக்கம் இருப்பதாகக் கவர்னரிடம் சொன்னார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்தது யாரை? ராஜகோபாலாச்சாரியாரை! அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. எந்தத் தொகுதி மக்களும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று அன்றைய மேல்சபையில் சில நியமன ஸ்தானங்கள் இருந்தன. அதில் ஒன்றில் அவரை உட்கார வைத்து, ஏப்ரல் 10ஆம் தேதி முதன்மந்திரியாக்கினார்கள். தோழர் ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார். வழக்குத் தள்ளுபடியானது.

152 எப்படி மெஜாரிட்டியாயிற்று? சுயேச்சைகளும் பிற கட்சியினரும் இழுக்கப்பட்டார்கள். வடாற்காட்டில் வன்னிய மக்களின் ஓட்டில் வென்ற காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். கள்ளக்குறிச்சி அன்று தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவைத் தளமாகக் கொண்ட உழைப்பாளர் கட்சிக்கு 19 ஸ்தானங்கள். அதன் தலைவர் ராமசாமி படையாட்சி 1954இல் காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்தார், கட்சியும் கலைந்தது. காங்கிரசுக்கு எதிராக விழுந்த ஓட்டு காங்கிரஸ் மந்திரிசபைக்கே முட்டுக்கொடுத்தது. 1952 ஜூலை 3இல் நம்பிக்கைத் தீர்மானம் 200க்கு 151 என்று நிறைவேறியது.

இந்த வித்தை உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1824இல் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. தேர்வாளர் ஓட்டில் ஜாக்சனுக்கு 99, ஆடம்சுக்கு 84. யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. முடிவு பிரதிநிதி சபைக்குப் போயிற்று. அந்தச் சபையின் தலைவர் கிளே, ஆடம்சுக்கு ஆதரவு திரட்டினார். ஆடம்ஸ் ஜனாதிபதியானார், கிளே வெளிநாட்டு விவகார மந்திரியானார். "ஊழல் பேரம்!" என்று நாடே கூவிற்று. நான்கு வருஷமும் அந்தப் பழியோடுதான் ஆடம்ஸ் ஆட்சி நடத்தினார். 1828இல் ஜாக்சன் அவரைத் தோற்கடித்தார்.

நம் கதைக்கு வருவோம். ஆச்சாரியார் சட்டசபையிலேயே கம்யூனிஸ்டுகளைத் தமது முதல் எதிரி என்று பகிரங்கமாக அறிவித்தார். ஆனால் அதே 1952 ஆகஸ்டில் அவருடைய சர்க்காரே தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் போட்டது. இஷ்டப்படி பண்ணையாளை வெளியேற்றக் கூடாது, கூலியைக் குறைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். முதல் எதிரிக்கு ஏன் இந்த இரக்கம்? தஞ்சையில் செங்கொடிச் சங்கம் இருந்தது. சேரிதோறும் போராட்டம் இருந்தது. சட்டம் தஞ்சை ஜில்லாவுக்கு மட்டும்தான் வந்தது. தென்னாற்காட்டுப் பண்ணையாளுக்கு வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்!

1953இல் வந்தது புதிய ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமத்துப் பிள்ளை தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு இந்தத் திட்டம் கிடையாது! ஏர் பிடிப்பவன் மகன் ஏர் பிடிக்க, செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்க, மிராசுதார் மகன் மட்டும் கலெக்டராக வேண்டுமா? மக்கள் "குலக்கல்வி" என்று பெயர் வைத்தார்கள். திராவிடர் கழகம், தி.மு.க., கம்யூனிஸ்டுகள் எல்லோரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது.

ஜூலையில் சட்டசபையில் ஓட்டெடுப்பு. திட்டத்தைக் கைவிடு என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. தீர்மானம் விழுந்தது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் கமிட்டிக்கு அனுப்பு என்ற தீர்மானம் 139க்கு 137 என்று வென்றது. ஒரே ஒருவர் அந்தப் பக்கம் தாவியிருந்தால் அதுவும் சமமாகியிருக்கும்! யார் எந்தப் பக்கம் போனால் நமக்கென்ன என்று கேட்ட தோழருக்கு இதுதான் பதில். 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் போய்க் காமராஜர் வந்தார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

ஆள் மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஏமாந்துவிடாதீர்கள். ஆடம்சைத் தோற்கடித்த ஜாக்சன் சாமானியர்களின் தலைவர் என்று பெயர் வாங்கியவர். அவர்தான் 1830இல் செவ்விந்தியர்களை அவர்கள் பூமியிலிருந்து அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். செரோக்கி மக்களை 1838இல், ஜாக்சனுக்குப் பின் வந்தவர் காலத்தில், பட்டாளம் விரட்டியது. வழியிலும் முகாமிலும் சுமார் 4,000 பேர் மாண்டார்கள்.

நம் மலையைப் பாருங்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் பிடி 1976 வரை நீடித்தது. இடையில் எத்தனை மந்திரிசபைகள்! 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பட்டா வேண்டுமானால் கிராம சபையில் நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, ஓட்டு வேலையின் ஆரம்பம். ஓட்டு வாங்கியவன் எங்கே உட்காருகிறான், எதற்குக் கை தூக்குகிறான் என்று கண்காணியுங்கள். நம் ஜாதிக்காரன் என்று விட்டுவிடாதீர்கள். சங்கம் இருந்த இடத்துக்குச் சட்டம் வந்தது. ஆலையிலும் வயலிலும் மலையிலும் சங்கம் கட்டுங்கள்!