பிள்ளையைப் பிடித்த பேய் எது?

(ஆம்பூரில் தோல் ஷாப்பு, ஷூ கம்பெனித் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் அரசியல் பேச வரவில்லை. நம் வீட்டுக்குள் நடக்கும் ஒரு சங்கதியைப் பற்றியே பேசப் போகிறேன். நாலு வயதுப் பிள்ளை சோற்றுத் தட்டை வீசி எறிகிறது, தலையைச் சுவரில் முட்டிக் கொள்கிறது, பெற்றவளைக் கடிக்கிறது, அல்லது வாயே திறக்காமல் மூலையில் முடங்கி விடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? முதலில் முதுகில் இரண்டு வைக்கிறோம். அதற்கும் அடங்காவிட்டால், "காத்துக் கருப்பு பட்டுவிட்டது" என்று மந்திரிக்கிறவனிடம் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். ஜாதியும் மதமும் வேறு வேறாயிருந்தாலும், தாயத்துக் கட்டுகிற இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் நம் ஜனங்களுக்குள் பூரண ஒற்றுமை இருக்கிறது!

பிள்ளையைப் பேய் பிடிப்பது நிஜமானால், தாய் கம்பெனி பஸ் ஏறும் நேரம் பார்த்து அது ஏன் பிடிக்க வேண்டும்? பள்ளிக்கூடம் போகும் நாளில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஏன் விட்டுவிட வேண்டும்? பேய்க்கும் வார விடுமுறை உண்டா? யோசித்துப் பாருங்கள்.

இது விளையாட்டான விஷயமல்ல. மனதில் வந்த நோயைப் பேய் என்று நம்பியதன் பலன் என்ன என்பதை நாம் ஏர்வாடியில் பார்த்தோம். 2001ம் வருஷம் ஆகஸ்ட் 6ந் தேதி அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சிறு வயதில் கட்டும் தாயத்துக் கயிறுதான் பெரிய வயதில் சங்கிலியாக வளர்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் பிள்ளைக்கு அவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வருகிறது? பெரியவனுக்குக் கோபம் வந்தால் யூனியனில் சொல்லுகிறான்; வக்கீலிடம் போகிறான்; ஒன்றுக்கும் வழியில்லாவிட்டால் மனைவியிடம் காட்டுகிறான். பிள்ளைக்கோ சொல்ல வார்த்தையில்லை. உணர்ச்சியை அடக்கி ஆளுகிற மூளையின் முன்பாகம் இருபது வயதுக்கு மேலும் வளர்ந்து கொண்டேயிருப்பது என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆகவே பிள்ளை கையாலும் காலாலும் தொண்டையாலும் பேசுகிறது. அதன் தாய்மொழி விளையாட்டுத்தான்.

இந்த மொழியைக் கற்றுக் கொண்டு வைத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் மார்கரெட் லோவென்பெல்டு என்னும் பெண் டாக்டர் 1928ம் வருஷத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு வைத்தியசாலை திறந்தார். ஒரு தட்டில் மணல், பக்கத்தில் சின்னச் சின்ன பொம்மைகள் - இவ்வளவுதான் கருவி. அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்னும் அம்மையார் இந்த முறையை விளக்கி 1947ல் ஒரு புத்தகமே எழுதினார். நம் தேசத்திலும் 1937ல் பம்பாயில் டாட்டா சமூகசேவைப் பள்ளியார் குழந்தைகளுக்கான ஆலோசனைச் சாலை ஏற்படுத்தினார்கள்.

இதற்காக நாம் பம்பாய் போக வேண்டியதுமில்லை. நம் வேலூரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல நிலையம் 1957 முதல் நடந்து வருகிறது. நோயாளியை அடைத்துப் பூட்டுவதற்குப் பதிலாக, குடும்பத்தாரையும் கூடவே தங்க வைத்து வைத்தியம் செய்யும் முறையை அங்கே கைக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

அந்த விளையாட்டு அறையில் நடப்பது என்ன? ஒரு பையன் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். தாய் விடியுமுன் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறாள். பையன் ஆயாவிடம் இருக்கிறான். அறையில் அவன் பொம்மை பஸ்ஸை எடுத்து, வாராவாரம் மணலில் புதைக்கிறான். பயிற்சி பெற்றவர் "கெட்ட பையன்" என்று சொல்லுவதில்லை. "பஸ் போவது உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்கிறார். அவ்வளவுதான். தன் மனதில் இருப்பதற்கு ஒரு வார்த்தை உண்டு என்பது பையனுக்கு முதல் தடவையாகத் தெரிகிறது. தன்னையும் பிறரையும் காயப்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. ஆனால் அடி இல்லை, மிரட்டல் இல்லை. இது ஒரே நாளில் பலிக்கும் மந்திரமுமல்ல; வாரக்கணக்கில் பொறுமையாய்ச் செய்ய வேண்டிய வேலை.

இதற்கு முன்பாகச் செய்ய வேண்டியது பரிசோதனை. பிரசவம் எப்படி நடந்தது, வலிப்பு வந்ததுண்டா, காது சரியாகக் கேட்கிறதா, எந்த வயதில் பேச்சு வந்தது, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். காது கேளாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று அடித்தால் அது யார் குற்றம்? புத்தியை அளக்கும் சோதனையும் தேவைப்பட்டால் செய்வார்கள். 1905ல் பாரிஸில் பினே என்பவர் அமைத்ததை, காமத் என்பவர் 1934ல் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி திருத்தினார். ஆனால் இதில் வரும் எண்ணை இன்னொரு ஜாதகமாக்கிவிடாதீர்கள்! புத்தி மாறாத அளவு என்று பேசியவர்களைப் பினேயே கண்டித்திருக்கிறார். இன்று என்ன உதவி வேண்டும் என்பதைக் காட்டத்தான் அந்த எண், அது தலையெழுத்தல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசோதிக்க வேண்டியது பிள்ளையை மாத்திரமா? தகப்பன் தோல் ஷாப்பில் வேலை செய்கிறான் என்பதற்காக, "உன் மேல் நாற்றம் அடிக்கிறது" என்று வகுப்பில் ஒதுக்கி உட்கார வைத்தால், அந்தப் பிள்ளைக்குக் கோபம் வருவது நோயா? அது மானத்தின் அடையாளம். அங்கே வைத்தியம் வேண்டியது பள்ளிக்கூடத்துக்கு! பிள்ளையை அடிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் 2009ம் வருஷக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு தடுக்கிறது. அதைப் பெற்றோர் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொண்டு, தைரியமாய்க் கேட்க வேண்டும்.

மந்திரவாதியை விரட்டிவிட்டுப் புது மந்திரவாதியிடம் சிக்கிவிடவும் கூடாது. "பத்தே நாளில் மாற்றிக் காட்டுகிறேன்" என்று போர்டு மாட்டிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கலாம். மனோதத்துவ வைத்தியம் செய்கிறேன் என்பவரிடம், 1992ம் வருஷச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பணமில்லையே என்பீர்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் சர்க்கார் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அங்கன்வாடியிலோ பள்ளிக்கூடத்திலோ விசாரியுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், 2022ல் ஆரம்பித்த சர்க்கார் மனநல ஆலோசனை இலவசமாகவே கிடைக்கும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. தினம் கால் மணி நேரம், தாயோ தகப்பனோ செல்போனைத் தூர வைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். அது சொல்லுகிற விளையாட்டை விளையாடுங்கள். இதைத் தாய் தலையில் மாத்திரம் கட்டிவிட்டு ஆண்கள் டீக்கடைக்குப் போய்விடக் கூடாது. அவளும் எட்டு மணி நேரம் தையல் மிஷினில் உழைத்து வருகிறவள்தான்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அடித்தும் மந்திரித்தும் பார்த்த பிள்ளைகள் என்ன ஆனார்கள், காது கொடுத்துக் கேட்கப்பட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.