தூக்கக் கூடியதை வாங்குங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"ஐயா, புள்ளைக்கு ஒரு கீபோர்டு வாங்கணும். எது நல்லது?" என்று பல பெற்றோர்கள் என்னைக் கேட்டு வருகிறீர்கள். தனித்தனியாகச் சொன்னதை இன்று பொதுவில் சொல்லிவிடுகிறேன். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு பணம் இருக்கிறது?" என்பதன்று, "அதை யார் தூக்கப் போகிறார்கள்?" என்பதுதான்.

இதில் நானே பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன், நீங்கள் வேர்வை சிந்திக் கொடுத்த பணத்தில் பள்ளிக்கு ஒரு பெரிய கீபோர்டை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கடையில் கேட்டபோது ஓசை பிரமாதம். பள்ளிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியோடு பதினைந்து கிலோவுக்கு மேல்! மண்டபத்துக்குக் கொண்டுபோகப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஆள் இல்லாத நாளில் அது மேசையை விட்டு அசையாது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, இன்னிக்கு வாசிக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். தவறு என்னுடையது.

இனி விவரத்துக்கு வருவோம். ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் ஏறக்குறைய இருபத்து மூன்றரை மில்லிமீட்டர். 61 கட்டைக் கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் 36. ஆகவே கட்டை வரிசை மட்டுமே சுமார் 85 சென்டிமீட்டர் வந்துவிடும். அதைவிடக் குட்டையாக இருந்தால் கட்டைகள் சிறியவை என்று பொருள். அதில் பழகிய விரல், பின்னால் பெரிய கட்டைக்கு மாறும்போது தடுமாறும். அதனால் நீளத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மூன்றடி இருக்கத்தான் செய்யும்.

மிச்சம் பிடிக்க வேண்டியது எடையில். காசியோ சிடி-எஸ்300 வெறும் 3.3 கிலோ, தூக்கிச் செல்லக் கைப்பிடியும் உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-இ373 4.6 கிலோ. அதே 61 கட்டையுள்ள யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 11.5 கிலோ! கூடுதல் கனம் ஏன்? பெரிய ஒலிபெருக்கி, பெரிய திரை, கனத்த பெட்டி. மேடைக் கலைஞருக்கு அவை தேவை. பழகும் பிள்ளைக்குத் தேவை இரண்டுதான்: இடக்கையால் கார்டு பிடித்தால் தாளமும் துணை இசையும் கூடவே வரவேண்டும், அழுத்துவதற்கேற்ப ஓசை கூடிக் குறையவேண்டும். நான் சொன்ன இலேசான இரண்டிலும் இவை உண்டு. ஆறு சிறிய பேட்டரியிலும் ஓடும். கோயில் திடலில் பிளக் தேடி அலைய வேண்டாம்.

குறையும் உண்டு. ஒலிபெருக்கி சிறியது, மண்டபம் நிறையாது. ஹெட்போன் துளையில் ஒயர் மாட்டி ஆம்பிளிபயருக்குக் கொடுத்தால் தீர்ந்தது.

"குலை தூக்குற கைக்கு இதெல்லாம் ஒரு கனமா, ஐயா?" என்று ஒரு தந்தை சிரித்தார். அவர் கை வேறு, அவர் மகள் தோள் வேறு. பிள்ளை சுமக்கும் பை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவோடு நிற்பது நல்லது என்பார்கள். 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ. உறை, அடாப்டர் எல்லாவற்றையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு மட்டுமே இரண்டு மூன்று கிலோ இருக்கும். அது வீட்டிலேயே இருக்கட்டும். கடைக்குப் போகுமுன் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிள்ளை தோளில் மாட்டி, லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை நடக்கவிட்டுப் பாருங்கள். பிள்ளையின் முகமே பதில் சொல்லும்.

இப்போது நம் பள்ளியில் இலேசான கீபோர்டு ஒன்று இருக்கிறது. சற்று முன் வரவேற்புப் பாடலுக்கு வாசித்த சிறுமி, அதைத் தானே தூக்கி வந்து தானே மேசையில் வைத்ததைப் பார்த்தீர்கள். அவள் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு அது போதும்.