கடல் கடந்த கடை



மலேசியாவின் கிழக்குக் கரையில், திரங்கானு மாநிலத்து மாராங் என்னும் மீனவர் ஊருக்குச் சென்றிருந்தோம். மீனையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து உருட்டி, வேகவைத்துப் பொரிக்கும் 'கெரோப்போக் லெக்கோர்'. மசாலை சேர்த்த மீன் விழுதை வாழையிலையில் பொதிந்து தணலில் வாட்டும் 'சாத்தார்'. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் மணக்கும் 'நாசி டாகாங்' சோறு, அதற்குச் சூரைமீன் குழம்பு. யாவற்றையும் தெருவோரக் கடைகளில் சுவைத்தோம்.

கடைக்கு அங்கே பெயர் 'கெடாய்'. நம் 'கடை'தான் கடல் கடந்து மலாய்ச் சொல்லாகிவிட்டது! இங்கே நம் குழந்தைகளோ 'துக்கான்' என்கின்றனர். குறை அவர்களுடையதன்று, வீட்டில் நாம் வழங்காத சொல்லை அவர்கள் எங்ஙனம் அறிவர்? இன்றிரவு உண்ணும் வேளையிலேனும் அவர்களோடு தமிழில் பேசுவோமாக.